மீன் வந்திருக்கிறது, கதவைத் திறங்கள்

நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரத்துக் கால்வாயில் வேர்ட்ஸ்லாய்ஸ் என்ற பழைய மதகு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் நீர்மட்டம் உயரம், மறுபக்கம் தாழ்வு. படகு வந்தால் மதகுக் காவலர் வந்து கதவைத் திறந்து, நீரை ஏற்றியோ இறக்கியோ அனுப்பிவைப்பார். படகுப் போக்குவரத்து கோடையில்தான் அதிகம். வசந்தத்தின் தொடக்கத்தில் வேலை குறைவு என்பதால் கதவுகள் பெரும்பாலும் மூடியே கிடக்கும்.

மீன்களுக்கு அவசரம் பிறப்பதும் அந்த வசந்தத்தில்தான். குளிர்காலத்தை ஆழமான நீரில் கழித்த மீன்கள், நீர் சூடேறத் தொடங்கியதும் முட்டையிட ஆழம் குறைந்த, நீர்ப்பூண்டு அடர்ந்த இடம் தேடிப் புறப்படுகின்றன. வெக்ட் ஆற்றிலிருந்து கிளம்பி, நகரத்துக் கால்வாய்களைக் கடந்து, க்ரோம்ம ரைன் ஆற்றுக்குப் போக வேண்டும். வழியில் மூடிய கதவு. முட்டி மோதித் திறக்க மீனால் முடியாது. கதவடியில் கூட்டமாக நின்று காத்திருக்கும் மீன்களை நீர்க்காகமும் முக்குளிப்பானும் கொத்திக்கொண்டு போகும்.

இதைக் கவனித்த சூழலியலாளர்கள் மார்க் வான் ஹூகெலமும் ஆனே நெய்ஸும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2021இல் மதகின் நீருக்கடியில் ஒரு கேமரா வைத்து, அது காட்டுவதை இணையத்தில் நேரலையாக விட்டார்கள். திரையில் ஒரு பொத்தான். மீன் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் அதை அழுத்தலாம். அழுத்திய கணத்தின் படம் சூழலியலாளர்களிடம் போகும். அவர்கள் பார்த்து, போதுமான மீன்கள் சேர்ந்துவிட்டன என்றால் மதகுக் காவலருக்குச் சொல்வார்கள். அவர் கதவைத் திறந்துவிடுவார். இதற்கு அவர்கள் வைத்த பெயர் மீன் அழைப்புமணி. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் முதல் மே வரை அது வேலை செய்கிறது. உலகம் முழுவதிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் வந்து பார்க்கிறார்கள்.

நான் விலங்கு நேரலைகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அலாஸ்காவின் கரடிகள், கலிபோர்னியாவின் கழுகுகள், ஆப்பிரிக்கக் காடுகளின் நீர்க்குழிகள் என்று எத்தனையோ இருக்கின்றன. அழகில் உத்ரெக்ட் மதகு அவற்றின் பக்கத்தில்கூட நிற்காது. தெரிவதெல்லாம் கலங்கிய பச்சை நீர். தூசு மிதக்கும், ஓர் இலை வந்து கண்ணாடியில் ஒட்டும், குமிழி எழும். இருந்தும் என்னை அதிகம் கட்டிப்போட்டது இதுதான். இங்கே பார்ப்பவருக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலை சிறியது, உண்மையானது, மீனுக்குப் பயன்படுவது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. நம் கடிகாரம் நெதர்லாந்தைவிட நாலரை மணி நேரம் முந்தியது. மார்ச் கடைசியில் அவர்கள் கோடை நேரத்துக்கு மாறியதும் மூன்றரை. மீன்கள் இரவில்தான் அதிகம் நகர்கின்றன. நமக்கு விடியற்காலை ஐந்து மணி என்றால் அங்கே நள்ளிரவைத் தாண்டிய நேரம், ஊர் உறங்கிக்கொண்டிருக்கும். அந்த ஊர்க்காரர்கள் தூங்கும்போது மீனைப் பார்க்கக் கிழக்கில் இருப்பவர்கள் விழித்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் விடியலுக்கு முன்னே எழுபவர் அத்தை. கொள்ளிடக் கரையில் பிறந்து வளர்ந்தவர். ஒரு மார்ச் மாதம் அவர் காபி போட்டுக்கொண்டிருந்தபோது கைபேசியைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்தேன். "என்னடா இது, பாசி பிடித்த தொட்டியா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். பால் பொங்கி இறங்கும்வரை பேசாமல் பார்த்தார். திரை காலியாகவே இருந்தது. பிறகு வலது ஓரத்தில் நிழல்போல ஒன்று திரண்டு, மெதுவாகக் கேமராவின் முன்னே வந்து, பக்கவாட்டில் திரும்பி நின்றது. தட்டையான, உயரமான உடல். பழைய வெண்கலம்போல மங்கிய பொன்னிறம். செதில்களின் விளிம்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. செவுள் மூடித் திறந்துகொண்டிருந்தது. அது பிரீம் என்ற மீன், நம் கெண்டைகளுக்குத் தூரத்து உறவு.

நான் பொத்தானைத் தேடுவதற்குள் அத்தை சொன்னார்: "சினை மீன். வயிற்றைப் பார், கீழே இறங்கி நிற்கிறது. இன்னும் ரொம்ப நாள் தாங்காது."

வாழ்நாளெல்லாம் மீன் ஆய்ந்த கண்ணுக்கு அது ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. நான் ஒரு மீனைத்தான் பார்த்தேன். அவர் அதன் அவசரத்தைப் பார்த்தார். பொத்தானை அவரே அழுத்தினார். அழுத்திவிட்டு, "திறந்துவிடுவார்களா?" என்று கேட்டார். இன்னும் மீன்கள் சேர வேண்டும் என்றேன். "சேரட்டும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து வசந்தம் முடியும்வரை அவருடைய காலைக் காபி அந்தக் கலங்கல் நீருக்கு முன்னால்தான்.

இயற்கை ஆவணப்படங்களை நான் விரும்பிப் பார்ப்பவன்தான். ஆனால் அவை நம் கண்ணை ஒருவிதமாகப் பழக்கிவிட்டன. சிறுத்தை என்றால் பாய வேண்டும், திமிங்கிலம் என்றால் எகிற வேண்டும். பாய்ச்சலுக்கு முந்தைய மூன்று நாள் படுக்கை வெட்டி எறியப்பட்டிருக்கும். காட்டுயிரின் வாழ்க்கையில் பெரும்பகுதி அந்த வெட்டி எறியப்பட்ட நேரம்தான். காத்திருத்தல், படுத்திருத்தல், வெறுமனே நிற்றல். நேரலையில் அதை யாரும் வெட்டுவதில்லை. உறுமீனுக்குக் காத்திருக்கும் கொக்கைப்போல நாமும் அசையாமல் இருந்தாக வேண்டும். பத்து நிமிடம் ஒன்றும் நடக்காத திரையைப் பார்த்தபின் வருகிற மீனுக்கு இருக்கும் மதிப்பு, தொகுத்துக் கொடுத்த படத்தில் வருகிற ஆயிரம் மீன்களுக்கு இல்லை.

கூடவே, பொத்தான் இருப்பதால் நாம் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது. இது மீனா இலையா? ஒன்றா, பின்னால் இன்னொன்றும் நிற்கிறதா? உடம்பில் வரி இருக்கிறதே, பெர்ச்சாக இருக்குமோ? நீண்ட வாயும் பின்னுக்குத் தள்ளிய முதுகுத் துடுப்புமாக அசையாமல் நிற்கிறதே, பைக்கா? பைக் என்றால் அது மற்ற மீன்களைத் தின்ன வந்திருக்கவும் கூடும். சில நாளில் விலாங்கு நெளிந்து போகும். நாம் கேட்காமலே கேள்விகள் வந்துவிடுகின்றன. அழுத்தியவர்கள் அனுப்பிய படங்களால் சூழலியலாளர்களுக்கும் ஆதாயம். எந்த மீன்கள், எந்தப் பருவத்தில், எந்த நேரத்தில் நகரத்தைக் கடக்கின்றன என்பதற்கு அவை பதிவாகின்றன. தங்கள் வீட்டு வாசலுக்குக் கீழே இத்தனை வகை மீன்கள் போய்வருகின்றன என்பது உத்ரெக்ட்காரர்களுக்கே புதிய செய்தியாக இருந்திருக்கும்.

அத்தைக்கு இந்த மதகு ஏன் இவ்வளவு பிடித்தது என்று யோசித்தால் காவிரிதான் நினைவுக்கு வருகிறது. கடலில் வாழ்ந்து முட்டையிட ஆற்றில் ஏறும் மீன்களில் உல்லம் ஒன்று. வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் அதே மீன். ஒரு காலத்தில் அது காவிரியிலும் கொள்ளிடத்திலும் புதுவெள்ளத்தோடு வெகுதூரம் ஏறியது. குறுக்கே அணைகள் வந்தன. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பிறகு அதற்கு மேலே உல்லத்துக்கு வழி இல்லை. கீழேயும் வெள்ளத்தின் போக்கு மாறி, அந்த மீன்பிடிப்பு நசிந்துபோனது. அணையால் டெல்டாவின் வயல்கள் பிழைத்தன என்பதை நான் மறுக்கவில்லை, எங்கள் குடும்பமும் அந்த நெல்லில் சாப்பிட்டதுதான். ஆனால் அணைக்குக் கீழே வந்து நின்ற மீன்களை அன்று நீருக்கடியில் யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கதவு திறந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஊர் அதைப் பற்றிப் பேசியாவது இருக்கும்.

உத்ரெக்ட் மதகு பார்ப்பவருக்கு வேலை தருகிறது. அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்கா தருவது வேறு ஒன்று, பழக்கம். அங்கே ப்ரூக்ஸ் அருவியில் 2012 முதல் எக்ஸ்ப்ளோர் அமைப்பின் கேமராக்கள் இயங்குகின்றன. கோடையில் சாக்கை சால்மன்கள் கடலிலிருந்து ஆறேறி வரும்போது, பழுப்புக் கரடிகள் அருவியின் விளிம்பில் நின்று எகிறும் மீனை வாயாலேயே பிடிக்கும். பனிக்காலம் முழுவதும் உண்ணாமல் உறங்கும்போது உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை போய்விடும் என்பதால், உறங்கப் போகுமுன் கொழுப்புச் சேர்ப்பது கரடிக்கு உயிர்ப் பிரச்சினை. அந்தக் கொழுப்பைக் கொண்டாட 2014இல் பூங்கா அதிகாரி மைக் ஃபிட்ஸ் தொடங்கியதுதான் கொழுத்த கரடி வாக்கெடுப்பு. கோடைத் தொடக்கத்துப் படத்தையும் இலையுதிர்காலப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நன்றாகத் தேறிய கரடி எது என்று மக்கள் வாக்களிக்கிறார்கள். விளையாட்டாகத் தெரியும். வாக்களிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கரடியையும் தனித்தனியாக அடையாளம் காணப் பழக வேண்டும் என்பதில்தான் அதன் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

கரடிகளுக்கு அங்கே எண்கள் உண்டு, சிலவற்றுக்குச் செல்லப்பெயரும் உண்டு. 480 என்ற ஓட்டிஸ் வயதான ஆண் கரடி. பற்கள் தேய்ந்தும் விழுந்தும் போயிருந்தன. இளம் கரடிகள் ஓடி ஓடித் துரத்தும்போது அது அருவிக்கடியில் தனக்கென்று வைத்திருந்த ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். மீன் தானாகப் பக்கத்தில் வந்ததும் தலையை மட்டும் தாழ்த்தும். 2021இல் எலும்பும் தோலுமாகத் தாமதமாக வந்து சேர்ந்த ஓட்டிஸ், மீன் தின்று தின்று தேறி, நான்காவது முறையாக அந்த ஆண்டு வாக்கெடுப்பில் வென்றது. 2024 கோடையில் அது அருவிக்கு வரவில்லை. எங்கோ இறந்திருக்கலாம், காட்டில் கரடிகள் அப்படித்தான் போகின்றன. எண்கள் இல்லாமல், கேமரா இல்லாமல் இருந்திருந்தால் அது ஏதோ ஒரு கரடி. இப்போது உலகெங்கும் எத்தனையோ பேர் அந்த இடம் காலியாக இருப்பதைக் கவனித்தார்கள்.

கட்மாய் நேரலை நல்லதை மட்டும் காட்டுவதில்லை. 2024 ஜூலையில் 128 என்ற கிரேசரின் குட்டிகள் அருவியில் அடித்துச் செல்லப்பட்டன. கீழே நின்ற பெரிய ஆண் கரடி, 32 என்ற சங்க், அவற்றைத் தாக்கியது. கிரேசர் பாய்ந்து சண்டையிட்டது. ஒரு குட்டி பிழைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்முன்னே நடந்தது அது. அந்த இலையுதிர்காலத்தில் வாக்கெடுப்பின் இறுதிச்சுற்றுக்கு வந்தவை இந்த இரண்டு கரடிகளும்தான், கிரேசர் வென்றது. பார்வையாளர்கள் மனத்தில் சங்க் வில்லனாக நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு அதே சங்க் தாடை உடைந்து வந்தது. வேறொரு கரடியோடு போட்ட சண்டையில் நேர்ந்திருக்க வேண்டும். தொங்கும் தாடையோடு அது மீன் பிடிக்கக் கற்றுக்கொண்ட விதத்தைக் கோடை முழுவதும் மக்கள் பார்த்தார்கள். 2025இல் வென்றது சங்க்.

எனக்கும் சங்க் மேல் கோபம் இருந்தது, அதை மறைப்பதில் பொருளில்லை. தாடை உடைந்த கரடி நாலைந்து முறை தவறவிட்ட பிறகு ஒரு சால்மனைப் பாதத்தால் கல்லில் அழுத்திப் பிடித்துத் தின்றதைப் பார்த்தபோது அந்தக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒரே ஒரு காட்சித் துண்டைப் பார்த்தவருக்குக் கரடி வில்லன். இரண்டு கோடைகள் தொடர்ந்து பார்த்தவருக்கு அது கரடி. நல்லது கெட்டது என்ற நம் கணக்குக்குள் அடங்காத உயிர் ஒன்று உண்டு என்று ஒரு குழந்தைக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். பார்க்க விட்டால் போதும்.

ஒரு முறை அந்தக் கேமராவின் பார்வையாளர்கள் மனிதர் ஒருவருக்கும் உதவினார்கள். 2023 செப்டம்பரில் அங்குள்ள டம்ப்ளிங் மலைமேல் வைத்திருக்கும் கேமராவின் முன்னால், மழையிலும் மூடுபனியிலும் நனைந்த ஒருவர் வந்து நின்று, வழி தவறிவிட்டதாகச் சைகை காட்டினார். அந்த மலைக் கேமராவில் அப்போது மேகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. இருந்தும் சிலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடனே தகவல் போயிற்று, பூங்கா ஊழியர்கள் மேலேறிப் போய் அவரை மீட்டார்கள். ஒன்றும் நடக்காத திரையை யார் பார்ப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த நிகழ்ச்சிதான்.

இந்த ஒட்டுறவில் ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனம் விராலடிப்பான் பறவையின் கூடு ஒன்றை நேரலையில் காட்டிவந்தது. தாய்ப்பறவை குஞ்சுகளைச் சரியாகப் பேணவில்லை என்று பார்வையாளர்கள் கொதித்தார்கள். குஞ்சுகளை எடுத்து வளர்க்கச் சொல்லி வற்புறுத்தினார்கள், சிலர் மிரட்டும் அளவுக்குப் போனார்கள். கடைசியில் நிறுவனம் அந்த ஒளிபரப்பையே நிறுத்திவிட்டது. அந்தப் பார்வையாளர்கள் கொடியவர்கள் அல்லர். நாள்தோறும் பார்த்துப் பார்த்து நேசித்தவர்கள். நேசம் உரிமையாகிவிட்டது.

இந்த இடத்தில் என் கருத்து உறுதியானது. மனிதர் செய்த தீங்கு என்றால், தூண்டில் நூல் காலில் சுற்றியிருந்தால், நாம் கட்டிய கதவு வழியை மறித்தால், தலையிட வேண்டும். அது நம் கடன். பனியும் பசியும் உடன்பிறப்பின் கொத்தலும் பறவையின் வாழ்க்கைக்கு உட்பட்டவை. அங்கே நாம் செய்யக்கூடியது உடனிருப்பது மட்டுமே. கலிபோர்னியாவின் பிக் பேர் ஏரிக்கரையில் ஜாக்கி, ஷாடோ என்ற வெண்தலைக் கழுகு இணையின் கூட்டைக் காட்டும் கேமரா இதைப் பொறுமையாகக் கற்பித்தது. 2024இல் மூன்று முட்டைகள். பனிப்புயலில் முதுகெல்லாம் பனி மூட ஜாக்கி எழாமல் அடைகாத்தது. மூன்றும் பொரிக்கவில்லை. பொரிக்காத முட்டைகளை விட்டு அந்த இணை மெல்ல மெல்ல விலகியதை மக்கள் வாரக்கணக்கில் பார்த்தார்கள். 2025 மார்ச்சில் மூன்றும் பொரித்தன. சில நாளில் பனிப்புயலில் ஒரு குஞ்சு போயிற்று. மிஞ்சிய இரண்டுக்கும் அந்த ஊர்ப் பள்ளிக் குழந்தைகள் வாக்களித்துச் சன்னி, கிஸ்மோ என்று பெயர் வைத்தார்கள். இரண்டும் வளர்ந்து பறந்தன. மூன்றாவதைக் காப்பாற்ற யாரும் மரமேறவில்லை. ஏறியிருந்தால் மற்ற இரண்டையும் பெற்றோர் கைவிட்டிருக்கக்கூடும்.

இன்னொரு வகை நேரலையும் பரவிவருகிறது. அதை நான் வெறுக்கிறேன். காசு செலுத்தினால் கூண்டுக்குள் தீனி விழும், மணி ஒலிக்கும், விலங்கு ஓடிவரும். பார்ப்பவர் குதூகலிப்பார். இங்கேயும் பொத்தான் இருக்கிறது. ஆனால் வேலை விலங்குக்கு. தூங்க வேண்டிய நேரத்தில் யாரோ ஒரு கண்டத்தில் சலித்துப்போய் அழுத்தியதற்காக அது எழுந்து வர வேண்டும். எந்த நேரலையை நம்பலாம் என்று என்னைக் கேட்பவர்களிடம், பொத்தானை அழுத்தினால் யார் ஓடுகிறார்கள் என்று பாருங்கள் என்பேன். உத்ரெக்டில் மனிதர் எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறார். மீன் தன் போக்கில் நிற்கிறது. இடம் தெரிந்தால் வேட்டைக்காரரோ புகைப்படக்காரரோ போய்த் தொல்லை கொடுக்கக்கூடிய விலங்கென்றால், இருப்பிடத்தைச் சொல்லாமல் விடும் நேரலை இன்னும் நல்லது.

பார்க்கத் தொடங்க விரும்புபவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். மீன் அழைப்புமணிக்கு மார்ச் தொடக்கத்தில் நீர் குளிர்ந்திருக்கும், மீன் அரிது. ஏப்ரலில் நீர் சூடேறியபின் பாருங்கள், விடியலுக்கு முன்னே பாருங்கள். ஒரே மீன் கேமரா முன்னாலேயே நின்றால் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம், படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிப்பவர் ஒரு மனிதர். கரடிகளுக்கு ஜூலை. அலாஸ்கா நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால், நாம் வேலை முடிந்து வீடு திரும்பும் மாலையில் அங்கே காலை வெளிச்சம் வந்திருக்கும். கழுகுக்குப் பிப்ரவரியும் மார்ச்சும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கைபேசியில் காட்டாமல் தொலைக்காட்சித் திரையில் போட்டுவிடுங்கள். ஒலியை அணைக்காதீர்கள், ப்ரூக்ஸ் அருவியின் இரைச்சலும் கழுகுக்கூட்டின் காற்றும் பாதி அனுபவம். குழந்தைகள் "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று முதல் நாளில் எழுந்து போவார்கள், போகட்டும். அணைத்துவிடாமல் ஓடவிடுங்கள். அறையைக் கடக்கும்போது ஒரு முறை திரும்பிப் பார்ப்பார்கள், பிறகு நின்று பார்ப்பார்கள், அதற்குப் பிறகு ஒவ்வொரு கரடிக்கும் என்ன எண் என்று அவர்கள்தான் உங்களுக்குச் சொல்வார்கள்.